சாரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு நட்டஈடு கிடைக்குமா?

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பிக்கு 26 வயது. ஐந்து மாதமாக வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் மேசனுக்குக் கையாளாக வேலை செய்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னர் மூன்றாம் மாடிச் சாரத்தில் பலகை புரண்டு கீழே விழுந்துவிட்டார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, வலது மணிக்கட்டும் முறிந்துவிட்டது. நியமனக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை, நாட்சம்பளம் கைக்கு வரும். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போன பாஸ், அதாவது வேலைக்கு ஆள் பிடித்துத் தருபவர், "குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு, இல்லாவிட்டால் பொலிஸ் பிரச்சினை வரும்" என்று சொல்லியிருக்கிறார். தம்பியும் அப்படியே சொல்லிவிட்டார். இப்போது சப் கொந்தராத்துக்காரர் 50,000 ரூபாயும் ஒரு கடதாசியும் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். வாங்கலாமா, வேறு ஏதாவது கிடைக்குமா என்பது கேள்வி.

சகோதரி, முதலில் அந்தக் கடதாசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வைக்க வேண்டாம். கைநாட்டும் வைக்க வேண்டாம். மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

இத்தகைய கடதாசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நாலைந்து வரி, சிங்களத்தில், கீழே ஒரு முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். "எனக்கு உரிய எல்லாப் பணமும் கிடைத்துவிட்டது, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்பதுதான் அந்த நாலு வரியின் சுருக்கம். முத்திரையைக் கண்டதும் நம் ஆட்கள் அதைச் சட்டத்தின் கடைசிச் சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்பது அந்தச் சட்டத்தின் நிலைப்பாடு. தொகை பேசித் தீர்ப்பதாக இருந்தாலும், அந்த உடன்படிக்கை தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவுசெய்யப்பட வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவுசெய்ய மறுக்கலாம். ஆகவே ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்து இருந்தால் வழக்கு இழுபடும். இல்லாத சிக்கலை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

ஏன் மூன்றாவது வாரத்திலேயே இவ்வளவு அவசரம் என்று யோசித்தீர்களா? நிரந்தர ஊனத்துக்கான நட்டஈடு, உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போய்விட்டது என்பதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அந்த வீதத்தை வைத்தியர் சொல்வதற்குச் சிகிச்சை ஓரளவு முடிந்திருக்க வேண்டும். குதிகால் எலும்பு நொறுங்கியவர் மறுபடி ஏணியில் ஏறுவாரா, நாள் முழுக்கக் காலூன்றி நிற்பாரா என்பது மூன்று வாரத்தில் யாருக்கும் தெரியாது. மணிக்கட்டு முன்போலத் திரும்புமா, சாந்துச் சட்டியைத் தூக்குமா என்பதும் தெரியாது. இழப்பு எவ்வளவு என்றே தெரியாத நேரத்தில் 50,000 ரூபாய்க்கு அதை எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பணத்தேவை இருக்கும், அது எனக்குப் புரிகிறது. பணத்தை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும்போது நீங்களே தமிழில் ஒரு துண்டு எழுதுங்கள்: "இன்ன திகதி வேலைத்தளத்தில் ஏற்பட்ட விபத்தின் மருத்துவச் செலவுக்காக இன்னாரிடமிருந்து 50,000 ரூபாய் பெற்றேன்." அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் விபத்து வேலைத்தளத்தில் நடந்தது என்பதற்கே அது ஒரு சான்றாகிவிடும். சம்மதிக்காவிட்டால் அவர் எதற்காகப் பணம் தருகிறார் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

அடுத்தது உங்களுடைய பெரிய பயம்: நியமனக் கடிதம் இல்லை. இந்தச் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. வாய்மொழி ஒப்பந்தமும், நடத்தையிலிருந்து புரிந்துகொள்ளக்கூடிய ஒப்பந்தமும் போதும். "நாளைக்கு வா, இவ்வளவு தருகிறேன்" என்று பாஸ் சொன்னதும், தம்பி போய் வேலை செய்ததும், மாலையில் காசு வாங்கியதும் சேர்ந்தால் அதுவே ஒப்பந்தம். நாட்சம்பளக்காரர் என்பதற்காக உரிமை போய்விடாது. கட்டடம் கட்டுவதைத் தொழிலாக நடத்துபவரிடம், அந்தத் தொழிலுக்காகவே வேலை செய்திருக்கிறார். ஒருவர் தன் சொந்த வீட்டுச் சுவரைப் பூச இரண்டு நாளைக்கு ஒரு மேசனைக் கூப்பிட்டு, அவர் விழுந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்காரர் கட்டடத் தொழில் நடத்துபவர் அல்லர் என்ற வாதம் எழும். உங்கள் தம்பியின் விடயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று. "அவன்தான் கவனமில்லாமல் நின்றான்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். இந்தச் சட்டத்தில் முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் விபத்து நடந்தது என்பதைக் காட்டினால் போதும். மதுவோ போதைப்பொருளோ நேரடிக் காரணம் என்றாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்றாலோ முதலாளி எதிர்வாதம் செய்யலாம். "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கால் சறுக்குவது வேறு, கட்டளையை மீறுவது வேறு. இடுப்புப்பட்டியே கொடுக்காத இடத்தில் இடுப்புப்பட்டி போடவில்லை என்று எப்படிக் குற்றம் சொல்வது? பலகை கயிற்றால் கட்டப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தால், அதைக் கட்டியிருக்க வேண்டியது யார்? அந்தச் சாரத்தின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கூட வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். பொடியன்கள் மூன்றாம் மாடியில் நின்று செல்ஃபி எடுத்திருப்பார்கள். அதில் பின்னால் பலகையும் தெரியும், தலைக்கவசம் இல்லாத தலைகளும் தெரியும்.

யாரிடம் கோருவது என்பதிலும் குழப்பம் வேண்டாம். கொழும்பில் பெரிய கட்டடங்களில் மேலே ஒரு கம்பனி, அதன் கீழ் ஒரு சப் கொந்தராத்துக்காரர், அவருக்குக் கீழ் ஆள் பிடித்துத் தரும் பாஸ் என்று மூன்று படி இருக்கும். விபத்து நடந்ததும் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கைகாட்டும். தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்துக்குக் கொடுத்த பிரதான நிறுவனமும் அந்தத் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பில் வரும் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்துவிட்டு, தன் கொந்தராத்துக்காரரிடம் அதை அறவிட்டுக்கொள்வது அவர்கள் பாடு. ஆகவே விண்ணப்பத்தில் சப் கொந்தராத்துக்காரரின் பெயரோடு பிரதான கம்பனியின் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர் வேலைத்தளத்துத் தகர வேலியில் மாட்டியிருக்கும் பெரிய பலகையிலேயே இருக்கும். வீதியில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும். பெரிய ஒப்பந்தங்களில் தொழிலாளர் நட்டஈட்டுக்கான காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். எந்தக் காப்புறுதி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பணம் வரப்போவது பல நேரங்களில் அங்கிருந்துதான்.

இனிக் குளியலறைப் பொய். இதுதான் உங்கள் விடயத்தில் மிகவும் கவலையான பகுதி. அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வைத்தியசாலையில் சேர்க்கும்போது "எப்படி நடந்தது" என்று கேட்டு எழுதுகிறார்களே, அந்த ஒரு வரி பின்னர் விசாரணையில் முன்னுக்கு வரும். பல வருடங்களுக்கு முன் ஒரு இளைஞருக்காக நான் அலைந்திருக்கிறேன். பதுளைப் பக்கத்துப் பிள்ளை. மின்தூக்கிக்காக விட்டிருந்த குழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "மோட்டார் சைக்கிளில் விழுந்தேன்" என்று சொல்ல வைத்திருந்தார்கள். விசாரணை நாளில் மற்றத் தரப்பு அந்த வரியைத்தான் வாசித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு கேட்டபோது, "அண்ணா, பாஸ் என் பக்கத்திலேயே நின்றார், நான் வேறு என்ன சொல்வது" என்றார். கூட வேலை செய்த இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னதால் அந்த விடயம் காப்பாற்றப்பட்டது. ஆனால் வருடக்கணக்கில் இழுத்தது.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில், உங்கள் தம்பி விடயத்தில் வெள்ளவத்தையில், முறைப்பாடு ஒன்றைப் பதிவுசெய்யுங்கள். உண்மையில் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார், வைத்தியசாலையில் வேறு மாதிரிச் சொல்ல வைத்தது யார், ஏன் பயந்து சொன்னார் என்பதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள். தம்பி இன்னும் வார்டில் இருந்தால், அவரைப் பார்க்கும் வைத்தியரிடமும் உண்மையைச் சொல்லி எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையானால் அங்கேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸார் கொடுப்பார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். இவ்வளவு உயரத்திலிருந்து விழுபவர்களுக்குக் குதிகால் நொறுங்குவது வழமையாகக் காணும் காயம். குளியலறையில் வழுக்கி விழுபவருக்கு அப்படி நொறுங்குவது அரிது. எலும்பின் படமே உங்களுக்காகப் பேசும், அந்த எக்ஸ்ரேயைத் தொலைத்துவிடாதீர்கள். வெளியேறும்போது தரும் நோய் விபர அட்டையும் அப்படித்தான். தரும்போது மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மழையில் நனைந்து, மை கரைந்து போன அட்டைகளைப் பார்த்து நான் நொந்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

அங்கே வேலை செய்தார் என்பதற்கும் எவ்வளவு சம்பளம் என்பதற்கும் சான்று வேண்டும். பாஸின் கையில் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கும். இடது பக்கம் பெயர்கள், மேலே திகதிகள், வந்தவருக்கு ஒரு சரி, அரை நாளுக்கு ஒரு கோடு, ஓரத்தில் முற்பணம். அந்தக் கொப்பியின் பக்கத்தை நண்பர் யாராவது படம் எடுக்க முடிந்தால் அது தங்கத்துக்குச் சமம். முடியாவிட்டால் கவலை வேண்டாம். பாஸோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், சம்பளத்தை ஈசி கேஷிலோ வங்கியிலோ போட்டிருந்தால் அந்தப் பதிவு, வீட்டுக்கு அனுப்பிய காசின் சிட்டை, வேலைத்தளத்துக்குள் போகும்போது காவலாளி எழுதிய பதிவேடு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் கணக்குப் புத்தகம் என்று எல்லாம் உதவும். முக்கியமாக, அன்றைக்குக் கூட நின்ற இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், தொலைபேசி எண். இதை இன்றைக்கே வாங்குங்கள். கட்டட வேலைக்காரர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அடுத்த மாதம் ஒருவர் வவுனியாவில் இருப்பார், மற்றவர் கட்டாருக்குப் போயிருப்பார். வேலைத்தளத்தில் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் சொல்லுங்கள். பணமாக மதிப்பிடக்கூடிய சலுகைகளும் சம்பளக் கணக்கில் சேரும்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். மாதச் சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் வைத்துச் சட்டத்தின் அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். நீண்ட காலமாக உச்சத்தொகை 5,50,000 ரூபாயாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 இலட்சமாக உயர்த்தியது. அது உச்சம். உங்கள் தம்பிக்கு நிரந்தரமான பகுதி ஊனம் என்று முடிவானால் அவருடைய வீதத்துக்கேற்பவே வரும். 20 இலட்சம் வரும் என்று வீட்டில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதே நேரம் 50,000 ரூபாயோடு முடியும் விடயமும் இது இல்லை. வேலைக்குப் போக முடியாமல் கிடக்கும் காலத்துக்கு, தற்காலிக ஊனத்துக்காக அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய கொடுப்பனவும் இருக்கிறது. அதைப் பலர் கேட்பதே இல்லை. ஆணையாளர் தீர்மானித்த தொகையை முதலாளி கொடுக்காவிட்டால் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடலாம். அதே 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. லொறியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகப்படும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விடயம், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் விபத்து நடந்தது பற்றிய அறிவித்தலை முதலாளிக்கு இயன்றளவு சீக்கிரம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் சிட்டையை வையுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். முதலாளி தன் செலவில் ஒரு வைத்தியரிடம் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். மறுத்தால் உரிமை இடைநிறுத்தப்படலாம். போகும்போது யாராவது கூடப் போங்கள், அங்கே எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஆணையாளரின் அலுவலகம் கொழும்பு 5, நாரஹேன்பிட்டியில் தொழில் செயலகத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து உடனே வர முடியாவிட்டால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். தமிழும் அரச கரும மொழி. கொழும்பில் உள்ள அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்போடோ பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். விசாரணையிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளங்காமல் தலையாட்டியதால் பாதி விடயத்தைத் தொலைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அதே தொழில் திணைக்களத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளுக்கும் பொருந்தும். மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாதபடி ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதை அவர்களுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அறிவித்தார்களா என்று கேட்டு, இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள். அவர்கள் வந்து பார்த்து எழுதும் அறிக்கை உங்களுக்கும் உதவும், நாளைக்கு அதே சாரத்தில் ஏறப்போகும் பிள்ளைக்கும் உதவும்.

சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாட்சம்பளக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதியில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். ஐந்து மாதமாகக் கட்டவில்லையென்றால் அது தனி முறைப்பாடு. அந்த முறைப்பாட்டை விசாரித்துத் திணைக்களம் அவரை ஊழியர் என்று ஏற்றுக்கொண்டால், நட்டஈட்டு விசாரணையில் "இவரை எனக்குத் தெரியாது" என்று முதலாளி சொல்வது கடினமாகிவிடும்.

மாவட்ட நீதிமன்றத்தில் முதலாளியின் கவனயீனத்துக்காகத் தனியாக நட்டவழக்குப் போடவும் வழி இருக்கிறது. அங்கே உச்சவரம்பு இல்லை, ஆனால் பிழையை நிரூபிக்க வேண்டும், சட்டத்தரணி வேண்டும், காலம் எடுக்கும். அதற்கும் இரண்டு வருடக் கெடு இருக்கிறது. ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் நட்டஈடு எடுக்க முடியாது என்பதால், விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் எந்த வழி என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தலைமை அலுவலகம் கொழும்பு 12, புதுக்கடையில். நீதிமன்றங்களை அண்டி வேறு ஊர்களிலும் நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். என் அபிப்பிராயத்தில், தம்பிக்கு உயிராபத்து இல்லை, கை கால் பெருமளவுக்குத் தேறும் என்றால் ஆணையாளரிடம் போவதே நல்லது.

உயிர் போன குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை, இதை வாசிக்கும் யாருக்காவது தேவைப்படலாம். மரணத்துக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்புச் செய்ய வேண்டும். அவர்தான் இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்த குடும்பத்தினருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். செத்த வீட்டில் வந்து ஒரு உறவினரின் கையில் கொடுத்துவிட்டுப் போன காசோடு முதலாளியின் பொறுப்புத் தீர்ந்துவிடாது. மனைவி, பிள்ளைகள் அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம். மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையில் வேலைத்தளம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கொழும்புக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் தம்பியிடம் போய் அவரை உட்காரவைத்து, விழுந்த அன்று காலையிலிருந்து நடந்ததை அவர் வாயால் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன வேலை, யார் ஏறச் சொன்னது, எந்தப் பலகை, யார் கீழே நின்றது, எந்த முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தது என்று எதையும் விடாதீர்கள். அவர் இடது கையால் கையெழுத்து வைத்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தக் கொப்பியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து நேரம் இருந்தால் நாரஹேன்பிட்டிக்குப் போய் விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். படிவத்தை நிரப்புவதில் எந்தக் கேள்வி விளங்காவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், ஒவ்வொரு வரியாகப் பார்த்து நிரப்புவோம்.